2147483647: அது யாரோட போன் நம்பரும் இல்ல தம்பி, ஆனா அதுக்கு பெரிய கதை ஒண்ணு இருக்கு

தங்கச்சிமடத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு. மீன்பிடி தடைக்காலத்துல சும்மா உக்காந்திருக்க வேணாம்னு எங்க ஊர் படகுக்காரங்களுக்கு ஒரு சின்ன வெப்சைட் பண்ணேன் சார், பேரு, படகு நம்பர், போன் நம்பர் எல்லாத்தையும் நோட்டுல எழுதி வாங்கி ராத்திரி பகலா உக்காந்து ஏத்தினேன், இப்ப திறந்து பாத்தா அத்தனை பேருக்கும் போன் நம்பர் 2147483647-னே காட்டுது, இது யாரு நம்பர், யாராச்சும் ஹேக் பண்ணிட்டாங்களா, இந்த நம்பர்ல அப்படி என்னதான் இருக்குன்னு. நான் மண்டபத்துல இருக்கேன், முப்பது வருஷத்துக்கு மேல ஸ்கூல்ல கணக்கு நடத்தினவன். கம்ப்யூட்டர் பகுதியை முதல்ல சொல்லிடுறேன், அதுக்கு அப்புறம் இந்த எண்ணைப் பத்தி கொஞ்சம் நீளமாவே பேசுவேன், ஏன்னா தப்பு மூலமா வந்தாலும் உங்க வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது சாதாரண எண் இல்ல.

யாரும் ஹேக் பண்ணல, பயப்படாதீங்க. கருவாட்டுக் கடை தராசை நினைச்சுக்குங்க. உங்ககிட்ட 1 கிலோ, 2 கிலோ, 4 கிலோ, 8 கிலோ, 16 கிலோன்னு அஞ்சே அஞ்சு எடைக்கல்லு இருக்கு, ஒவ்வொண்ணும் ஒண்ணுதான். இந்த அஞ்சை வச்சு 1 கிலோல இருந்து 31 கிலோ வரைக்கும் எந்த முழு எடையையும் நிறுத்துடலாம், 13 வேணும்னா 8, 4, 1, 22 வேணும்னா 16, 4, 2, இப்படி. அஞ்சையும் மொத்தமா தட்டுல வச்சா 31, அடுத்த கல்லு 32-ஆ இருந்திருக்கும், அதுக்கு சரியா ஒண்ணு கம்மி. எப்பவும் இப்படித்தான் வரும், ரெட்டிச்சுக்கிட்டே போற எடைக்கல்லு எல்லாத்தையும் கூட்டினா அடுத்த கல்லுக்கு ஒண்ணு குறைவா நிக்கும். கம்ப்யூட்டர் ஒரு முழு எண்ணை வைக்கிறது இந்த மாதிரி கல்லுலதான். நீங்க போன் நம்பர் ஃபீல்டை இண்ட்னு, அதாவது முழு எண் வகைன்னு கொடுத்திருப்பீங்க, அதுக்கு 32 பிட் இடம், ஒரு பிட்னா ஒரு கல்லுன்னு வைங்க, அதுல ஒண்ணு பிளஸ்ஸா மைனஸான்னு சொல்றதுக்குப் போயிரும், மிச்சம் 31 கல்லு. 31 கல்லையும் தட்டுல ஏத்தினா 2^31-ல (2-ஐ 31 தடவை பெருக்கினதுல) ஒண்ணு குறைவு, அதாவது 2147483647. நம்ம கணக்குல சொன்னா 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதுக்கு மேல அந்த தராசுல நிறுக்க கல்லே கிடையாது.

இப்ப நம்ம நாட்டு மொபைல் நம்பரைப் பாருங்க, பத்து இலக்கம், 6, 7, 8, 9 இதுல ஒண்ணுலதான் ஆரம்பிக்கும், ஆக ரொம்பச் சின்ன மொபைல் நம்பர்னு எடுத்தாலும் 600 கோடி. 214 கோடிக்கு மேல நிறுக்க முடியாத தராசுல 600 கோடியையும் 900 கோடியையும் தூக்கி வச்சா என்ன ஆகும்? தகவலைச் சேமிச்சு வைக்கிற மைஎஸ்க்யூஎல் சாஃப்ட்வேர்ல, தப்பான அளவைக் கண்டிப்பா மறுக்கிற ஸ்ட்ரிக்ட் மோடு ஆஃப்ல இருந்தா எரர் சொல்லி நிறுத்தாது, முடிஞ்ச மட்டும் பெரிய எண்ணைப் போட்டுட்டு ஒரு வார்னிங்கோட போயிரும். அதனாலதான் ஒருத்தர் விடாம எல்லாருக்கும் ஒரே நம்பர். மைனஸே வேணாம்னு சொல்லி 32 பிட்டையும் எடுத்துக்கிட்டாலும் 4294967295 வரைக்கும்தான் போகும், அதுவும் நம்ம நம்பருக்குப் பத்தாது. ஃபீல்டை வார்சார்னு எழுத்து வகைக்கு மாத்துங்க. பிகிண்ட்ங்கிற பெரிய முழு எண் வகையில இடம் பத்தும்தான், ஆனா போன் நம்பரை யாரும் கூட்டிப் பெருக்கப் போறதில்ல, முன்னாடி பிளஸ் வரும், லேண்ட்லைன்னா பூஜ்யம் வரும், அதை எழுத்தா வைக்கிறதுதான் சரி. ஸ்ட்ரிக்ட் மோடையும் ஆன் பண்ணிருங்க. இன்னொண்ணு, மனசு கஷ்டப்படும், ஆனா சொல்லித்தான் ஆகணும், ஏத்தின பழைய நம்பர் அந்த டேபிள்ல இருந்து திரும்ப வராது, வெட்டினது வெட்டினதுதான். நோட்டு பத்திரமா இருக்கும்னு நம்புறேன், அதுல இருந்து திரும்ப ஏத்துங்க.

சரி, இனிமே எண்ணுக்கு வருவோம்.

2147483647 ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் தவிர வேற எந்த எண்ணாலயும் மீதியில்லாம வகுபடாது. இதை நிரூபிச்சது லியோனார்ட் ஆய்லர்ங்கிற கணித மேதை, 1772-ல டேனியல் பெர்னூலிங்கிற இன்னொரு கணக்கு அறிஞருக்கு எழுதின கடிதத்துல. அப்ப அவருக்கு 65 வயசு, ரஷ்யாவுல பீட்டர்ஸ்பர்க்ல இருந்தாரு, ஒரு கண்ணு பல வருஷம் முன்னாடியே போயிருச்சு, இன்னொரு கண்ணும் 1771-ல பண்ணின புரை ஆபரேஷனுக்கு அப்புறம் கிட்டத்தட்ட மொத்தமா போயிருச்சு. பேப்பரும் பேனாவும் கண்ணுல தெரியாத நிலையில பத்து இலக்க எண் ஒண்ணு பகா எண்தான்னு உறுதி பண்ணின மனுஷனை நினைச்சா எனக்கு இன்னிக்கும் உடம்பு சிலிர்க்கும்.

அவருக்கு முன்னாடியே இதைச் சொன்னவரு ஒருத்தரு உண்டு. இத்தாலிக்காரர் கடால்டி, 1588 வாக்குல 2^17-ல ஒண்ணு குறைவு, 2^19-ல ஒண்ணு குறைவு ரெண்டும் பகா எண்தான்னு கையால வகுத்து வகுத்து நிரூபிச்சாரு, அது பெரிய வேலை. அதோட நிக்காம 23, 29, 31, 37 இந்த அடுக்குகளுக்கும் பகா எண்தான் வரும்னு சொல்லிட்டாரு. அதுல 31 மட்டும்தான் நின்னுச்சு. 23-ஐயும் 37-ஐயும் 1640-ல ஃபெர்மாங்கிற பிரெஞ்சுக் கணக்கு அறிஞர் உடைச்சாரு, 2^23-ல ஒண்ணு குறைவு 47-ஆல வகுபடும், 2^37-ல ஒண்ணு குறைவு 223-ஆல வகுபடும். 29-ஐ ஆய்லரே 1738-ல உடைச்சாரு, அது 233 பெருக்கல் 1103 பெருக்கல் 2089. ஆக நாலுல மூணு கவுந்துருச்சு, 31 என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாம அப்படியே கிடந்துச்சு.

இப்ப நீங்களே நிரூபிக்கணும்னா என்ன பண்ணுவீங்க? ஒரு எண்ணுக்கு வகுஎண் இருந்தா அதுல ஒண்ணாவது வர்க்கமூலத்துக்குள்ள இருந்தே ஆகணும். 46340-ஓட வர்க்கம் 2147395600, 46341-ஓட வர்க்கம் 2147488281, நம்ம எண் ரெண்டுக்கும் நடுவுல. ஆக 46340 வரைக்கும் இருக்கிற பகா எண் ஒவ்வொண்ணாலயும் வகுத்துப் பாக்கணும், அது நாலாயிரத்துக்கு மேல இருக்கு. ஒரு நாளைக்கு நாப்பதுன்னு உக்காந்தாலும் நாலு மாசம். ஆய்லர் அப்படிப் பண்ணல. எந்த எண்ணால வகுத்துப் பாக்கத் தேவையே இல்லைன்னு முதல்ல சலிச்சுத் தள்ளினாரு. அந்தச் சல்லடைதான் இந்தக் கதையிலயே எனக்குப் பிடிச்ச இடம், கொஞ்சம் பொறுமையா வாங்க.

சின்ன உதாரணம் எடுப்போம். 2^11-ல ஒண்ணு குறைவுன்னா 2047. இது பகா எண் இல்ல, 23 பெருக்கல் 89. ஏன் 23? 1-ல ஆரம்பிச்சு ரெட்டிச்சுக்கிட்டே போங்க, 23-ஐத் தாண்டும்போதெல்லாம் 23-ஐக் கழிச்சு மீதியை மட்டும் வைங்க. 1, 2, 4, 8, 16, அடுத்து 32, அதுல 23 போனா 9, அப்புறம் 18, 13, 3, 6, 12, அடுத்து 24, 23 போனா திரும்ப 1. பதினோரு எட்டுல புறப்பட்ட இடத்துக்கே வந்தாச்சு. 23-ஆல வகுத்தா வரக்கூடிய மீதி 1-ல இருந்து 22 வரை மொத்தம் 22, அதுல 11 இந்த வட்டத்துல வந்துருச்சு. மிச்சம் இருக்கிறதுல ஒண்ணு, 5-ஐ எடுத்து ரெட்டிச்சா இன்னொரு வட்டம், அதுலயும் சரியா 11. ஒரு வட்டத்துல பதினொண்ணு இன்னொண்ணுல ஏழுன்னு இருக்கவே முடியாது, ஏன்னா ரெண்டாவது வட்டம்ங்கிறது முதல் வட்டத்தையே 5-ஆல பெருக்கினது, அம்புட்டுத்தான். ஆக 22 எங்கிறது 11-ஓட மடங்கா இருந்தே தீரணும்.

இதே விஷயத்தை 31-க்குப் போடுங்க. ஏதோ ஒரு பகா எண் நம்ம 2147483647-ஐ வகுக்குதுன்னு வைங்க, அப்ப அந்த எண்ணோட மீதிக் கணக்குல 31 தடவை ரெட்டிச்சா 1-க்குத் திரும்பி வரணும். 31 தானே பகா எண்ங்கிறதால அதுக்கு முன்னாடி எங்கயும் பாதியில திரும்ப முடியாது, வட்டத்தோட நீளம் சரியா 31. அப்படின்னா அந்தப் பகா எண்ல ஒண்ணைக் கழிச்சா 31-ஓட மடங்கு, ஒற்றைப்படை எண் வேறயா, அதனால 62-ஓட மடங்கு. ஒரே அடியில வேட்பாளர் எல்லாம் 63, 125, 187, 249, 311 இப்படி 62 தள்ளித் தள்ளி வர்ற எண்களாச் சுருங்கிருச்சு. 3, 5, 7, 11, 13 எல்லாம் வகுத்துப் பாக்காமலே வெளிய போயிருச்சு.

இன்னொரு சல்லடையும் இருக்கு. 31 தடவை ரெட்டிச்சா மீதி 1-ன்னா 32 தடவை ரெட்டிச்சா மீதி 2. 2^32 எங்கிறது 2^16-ஓட வர்க்கம். ஆக அந்தப் பகா எண்ணோட மீதிக் கணக்குல 2 ஒரு வர்க்க எண். ஒரு ஒற்றைப்படை பகா எண்ணுக்கு 2 வர்க்கமா வரணும்னா அதை 8-ஆல வகுத்தா மீதி 1 இல்லேன்னா 7 வந்தாகணும், இது எண் கோட்பாட்டுல ஒரு தேற்றம், நிரூபணம் இங்க எழுதல, ஆனா கைக்கு அடக்கமா சோதிச்சுப் பாக்கலாம். 7-ல 3-ஓட வர்க்கம் 9, மீதி 2. 17-ல 6-ஓட வர்க்கம் 36, மீதி 2. 23-ல 5-ஓட வர்க்கம் 25, மீதி 2. ஆனா 5-ல பாருங்க, வர்க்கம் எல்லாம் 1, 4-தான் வரும், 2 வரவே வராது. ரெண்டு சல்லடையையும் சேர்த்தா வகுக்கக்கூடிய எண் 248-ஓட மடங்கைவிட 1 கூடவோ இல்ல 63 கூடவோ மட்டும்தான் இருக்க முடியும். 46340-க்குள்ள அப்படி எத்தனைன்னு எண்ணினா 373, அதுல முதல் எண் 63 பகு எண், அதைத் தள்ளினா 372. இந்த 372-லயும் பகு எண்ணைத் தள்ளி பகா எண்ணை மட்டும் எடுத்தா நூறுக்குள்ள முடிஞ்சிரும். நாலு மாச வேலை ரெண்டு மூணு நாள் வேலையா மாறிருச்சு.

வரிசையா முதல் சிலதைப் பாருங்க. 249 வேணாம், 3-ஆல போகுது. 311 பகா எண், அதால நம்ம எண்ணை வகுத்தா 6905092 தடவை போய் மீதி 35. அடுத்து 497, 559, 745, 807, 993, 1055, 1241, எல்லாமே பகு எண், தொடவே வேணாம். அதுக்கு அப்புறம் 1303, மீதி 226. இப்படியே 46340 வரைக்கும் போனா எதுலயும் மீதி பூஜ்யம் வராது. அப்படி நின்ன எண்தான் உங்க டேபிள்ல வரிசையா நிக்குது.

அதே ஆய்லர் இருபத்தஞ்சு வயசு இளைஞனா இருந்தப்போ, 1732-ல, இதோட சொந்தக்கார எண் ஒண்ணை உடைச்சிருக்காரு. 2^32-ஓட ஒண்ணு கூட்டினா 4294967297, அது பகா எண்தான்னு ஃபெர்மா நம்பிக்கிட்டு இருந்தாரு, ஆய்லர் 641-ஆல வகுத்துக் காட்டிட்டாரு, 641 பெருக்கல் 6700417. அதுவும் குருட்டாம்போக்குல வகுத்ததில்ல, அங்கயும் இதே மாதிரி ஒரு சல்லடைதான். இளமையில ஒரு எண்ணை உடைச்சதும் முதுமையில கண்ணு இல்லாம இன்னொரு எண்ணை உடைக்கவே முடியாதுன்னு காட்டினதும் ஒரே கைப்பக்குவம்.

2-ஓட அடுக்குல ஒண்ணு குறைச்சா வர்ற பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள்னு பேரு. மெர்சென் பிரான்ஸ்ல ஒரு துறவி, 1644-ல எந்தெந்த அடுக்குக்குப் பகா எண் வரும்னு ஒரு பட்டியல் போட்டாரு: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இதுல 67-ம் 257-ம் தப்பு, 61, 89, 107 மூணும் விட்டுப்போச்சு. விட்டுப்போன 61-ஐப் பாத்தீங்களா தம்பி, நம்ம கரையில இப்ப தடைக்காலம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் சரியா 61 நாள். 31-க்கு அப்புறம் வர்ற அடுத்த மெர்சென் பகா எண் 61-ஐ அடுக்கா வச்சுத்தான் வருது, 2305843009213693951, பெர்வுஷின்ங்கிற ரஷ்யப் பாதிரியார் 1883-ல நிரூபிச்சாரு. ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனாலும் அந்த 61 நாள்ல நீங்க பண்ணின வேலையில இருந்து 31 வந்து நின்னதைப் படிச்சப்போ எனக்கு முதல்ல இதுதான் ஞாபகம் வந்துச்சு. 107 நிரூபணமானது 1914-ல, பாம்பன் பழைய ரயில் பாலம் திறந்த அதே வருஷம்.

1811-ல பார்லோன்னு ஒரு ஆங்கிலேயர், இந்த 2147483647-ல இருந்து பிறக்கிற எண் ஒண்ணை எடுத்து, இதைவிடப் பெருசை இனி யாரும் தேட மாட்டாங்க, தேடி என்ன பிரயோஜனம்னு எழுதிவச்சாரு. அவர் சொன்னது பூரண எண்ணைப் பத்தி. 6-ஐ வகுக்கிற சின்ன எண்கள் 1, 2, 3, கூட்டினா 6-ஏ வருது. 28-க்கு 1, 2, 4, 7, 14, கூட்டினா 28. இந்த மாதிரி எண்ணைத்தான் பூரண எண்ங்கிறோம். யூக்ளிட் காலத்துலயே இதுக்கு வழி தெரியும்: மெர்சென் பகா எண் ஒண்ணை எடுத்து அதுக்கு ஒரு அடுக்கு முந்தின 2-ஓட அடுக்கால பெருக்கு. 3 பெருக்கல் 2 ஆறு, 7 பெருக்கல் 4 இருபத்தெட்டு, 31 பெருக்கல் 16 நானூத்துத் தொண்ணூத்தாறு. இரட்டைப்படை பூரண எண் எல்லாமே இந்த வழியிலதான் வரும்னு நிரூபிச்சதும் ஆய்லர்தான். நம்ம எண்ணை 1073741824-ஆல பெருக்கினா 2305843008139952128, பூரண எண் வரிசையில எட்டாவது. பார்லோ சொன்னது பலிக்கல, மனுஷன் தேடறதை நிறுத்தவே இல்ல. 2024 அக்டோபர்ல 136279841-ங்கிற அடுக்குக்கு ஒரு மெர்சென் பகா எண்ணைக் கண்டுபிடிச்சாங்க, அதுக்கு நாலு கோடிக்கு மேல இலக்கம்.

நீங்க கேட்ட "இந்த நம்பர்ல என்ன இருக்கு"-ங்கிறதுக்கு நான் கொடுக்கிற நேரடி பதில் இதுதான், இதைக் கவனமா படிங்க. கம்ப்யூட்டரோட எல்லை எண்ணும் கணக்கோட பகா எண்ணும் ஒரே இடத்துல வந்து உக்காந்திருக்கு, இது எப்பவும் நடக்கிறது இல்ல. 8 பிட்ல உச்சம் 127, பகா எண். 16 பிட்ல உச்சம் 32767, அது 7 பெருக்கல் 31 பெருக்கல் 151, பகா எண் இல்ல. 32 பிட்ல நம்ம எண், பகா எண். இப்ப பெரும்பாலான மெஷின்ல இருக்கிற 64 பிட்ல உச்சம் 9223372036854775807, பாக்க எம்புட்டு கம்பீரமா இருக்கு, ஆனா 7-ஆல போயிரும், அதுவும் ரெண்டு தடவை போகும். ஏன்னா ஒரு பிட் குறி சொல்லப் போனதும் மிஞ்சுறது 7, 15, 31, 63. அடுக்கு பகு எண்ணா இருந்தா விளைவும் பகு எண்தான், 15-ஐயும் 63-ஐயும் 3 வகுக்குது, அதனால ரெண்டுலயும் 2^3-ல ஒண்ணு குறைவான 7 உள்ள உக்காந்திருக்கு. 7-ம் 31-ம் பகா எண், அதனால தப்பிக்க வாய்ப்பு இருந்துச்சு, தப்பிச்சிருச்சு. வாய்ப்பு மட்டும்தான், உறுதி இல்ல, 11 பகா எண்ணா இருந்தும் 2047 உடைஞ்சதை மேல பாத்தோம்ல. 128 பிட்டுக்குப் போனா 2^127-ல ஒண்ணு குறைவு, 39 இலக்கம், 1876-ல லூகாஸ் பகா எண்ணுன்னு காட்டினாரு, திரும்பவும் தப்பிச்சது. இதுல அடுக்கா இருக்கிற 31, 127 இதுகளே மெர்சென் பகா எண்கள். இப்படி மெர்சென் பகா எண்ணையே அடுக்கா வச்சு வர்ற பகா எண் உலகத்துல இதுவரைக்கும் தெரிஞ்சது நாலே நாலு: 7, 127, 2147483647, அப்புறம் அந்த 39 இலக்கக்காரர்.

அக்கம் பக்கத்து எண்களையும் சொல்லிடுறேன். முந்தின எண் 2147483646, அதை உடைச்சா 2, 3, 3, 7, 11, 31, 151, 331, சின்னச் சின்னதா சிதறிரும். அடுத்தது 2147483648, வெறும் 2-ஐயே 31 தடவை பெருக்கினது. அதுக்கும் அடுத்தது 3 பெருக்கல் 715827883, இந்த ஒம்பது இலக்க எண்ணும் பகா எண்தான். முந்தின எண் இப்படி சுலபமா உடையறதுல ஒரு உபயோகம் இருக்கு. கம்ப்யூட்டர்ல தாயக்கட்டை உருட்டற மாதிரி எண் வேணும்னா பழைய முறை ஒண்ணு, ஏதாச்சும் ஒரு எண்ணை எடுத்து 16807-ஆல பெருக்கி 2147483647-ஆல வகுத்து மீதியை எடு, அந்த மீதியை மறுபடி 16807-ஆல பெருக்கு. 16807-ங்கிறது 7-ஓட அஞ்சாவது அடுக்கு. இப்படிப் போனா 1-ல இருந்து 2147483646 வரைக்கும் ஒரு எண்கூட விடாம, ஒரு எண்கூட ரெண்டாவது தடவை வராம, எல்லாத்தையும் சுத்திட்டுத்தான் ஆரம்பிச்ச இடத்துக்கு வரும். மேல பாத்த வட்டம்தான் இதுவும், ஆனா ஊரையே சுத்தி வர்ற ஒரே வட்டம். வட்டம் நடுவுல எங்கயும் மூடிக்காதான்னு சோதிக்கத்தான் முந்தின எண்ணை உடைச்சது உதவுது. பார்க், மில்லர்னு ரெண்டு பேரு 1988-ல இதைப் பரிந்துரை பண்ணினாங்க, ரொம்ப நாள் ஓடுச்சு.

வர்க்கக் கூட்டல்ல இந்த எண் பிடிவாதக்காரன். எந்த முழு எண்ணையும் நாலு வர்க்கத்தோட கூட்டலா எழுதிடலாம்னு 1770-ல லக்ராஞ்ச் நிரூபிச்சாரு. நிறைய எண்ணுக்கு மூணே போதும், சிலதுக்கு ரெண்டு. இதுக்கு மூணு பத்தவே பத்தாது. கடைசி மூணு இலக்கம் 647, 8-ஆல வகுத்தா மீதி 7. ஒரு வர்க்கத்தை 8-ஆல வகுத்தா மீதி 0, 1, 4 இந்த மூணுல ஒண்ணுதான் வரும், மூணு வர்க்கத்தை எப்படி மாத்தி மாத்திக் கூட்டினாலும் 7 வராது, பேப்பர்ல போட்டுப் பாருங்க, ரெண்டு நிமிஷம் ஆகாது.

இந்த எண்ணோட அளவு மனசுக்குப் பிடிபடணும்னா, விநாடிக்கு ஒண்ணுன்னு நிறுத்தாம எண்ணினா 24855 நாள், 68 வருஷம் ஆகும். இதை நிஜமாவே எண்ணிக்கிட்டு இருக்கிற கடிகாரம் இருக்கு. யூனிக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாம் நேரத்தை 1970 ஜனவரி 1-ல இருந்து எத்தனை விநாடின்னுதான் வச்சிருக்கும். அதை 32 பிட்ல வச்சிருக்கிற பழைய மெஷின் எல்லாம் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம்ம நேரம் காலையில 8 மணி 44 நிமிஷம் 7 விநாடிக்கு 2147483647-ஐத் தொடும். அடுத்த விநாடி கல்லு பத்தாது, குறி பிட் புரண்டு மைனஸ் 2147483648-க்குப் போயிரும், நம்ம கணக்குல 1901 டிசம்பர் 14 அதிகாலை. அந்தத் தேதியில பாம்பனுக்குப் பாலமே கிடையாது, கடலைத் தாண்டணும்னா படகுதான். 64 பிட்டுக்கு மாத்தினதுக்கு இந்தப் பிரச்சினை இல்ல, பெரும்பாலானது மாத்தியாச்சு, ஆனா எங்கயாச்சும் பெட்டிக்குள்ள உக்காந்திருக்கிற பழைய கருவிகளைத்தான் தேடிப் பிடிச்சு மாத்தணும்.

இது நமக்குப் புதுசும் இல்ல. படகுல இருக்கிற ஜிபிஎஸ்-க்கு செயற்கைக்கோள் அனுப்புற பழைய வகை சிக்னல்ல வார எண்ணிக்கைக்கு பத்து பிட்தான், பத்து கல்லு, 0-ல இருந்து 1023 வரை, 1024 வாரம் ஆனா திரும்ப பூஜ்யம். 2019 ஏப்ரல் 7 விடியக்காலையில நம்ம நேரத்துக்கு அது நடந்துச்சு, அப்டேட் பண்ணாத சில பழைய செட்டு தேதியை 1999 ஆகஸ்டுன்னு காட்டுச்சு. அடுத்தது 2038 நவம்பர்ல. ஒரே வருஷத்துல ரெண்டு கடிகாரமும் புரளப்போகுது, அப்ப நீங்க நல்ல நிலையில பெரிய வேலையில இருப்பீங்க, உங்க கைக்கே ஏதாச்சும் ஒரு பழைய மெஷின் வந்தாலும் வரும்.

நோட்டுல இருந்து நம்பரைத் திரும்ப ஏத்தி முடிச்சதும் ஒரு வேலை பண்ணுங்க. ஆய்லர் வழியில 2^13-ல ஒண்ணு குறைவான 8191-ஐ எடுங்க. வகுக்கிற எண்ல ஒண்ணைக் கழிச்சா 26-ஓட மடங்கா இருக்கணும், 8-ஆல வகுத்தா மீதி 1 இல்லேன்னா 7, வர்க்கமூலம் 90-க்குச் சொச்சம். 27 பகு எண், 53-க்கு 8-ல மீதி 5, ரெண்டும் போச்சு, மிஞ்சுறது 79 ஒண்ணே ஒண்ணு. 79-ஆல வகுத்தா மீதி 54. ஒரே வகுத்தல்ல 8191 பகா எண்ணுன்னு முடிஞ்சிருச்சு. அடுத்து 2^17-ல ஒண்ணு குறைவு, 131071, கடால்டி கையால வகுத்து வகுத்து முடிச்ச அதே எண். அதுக்கு 34-ஓட மடங்கு, வர்க்கமூலம் 362. சலிச்சு முடிச்சா 103, 137, 239 இந்த மூணுதான் மிஞ்சணும். மூணு மீதியையும் போட்டு எனக்கு எழுதுங்க, அதுல ரெண்டு மீதி ஒரே எண்ணா வரும், ஏன் அப்படி வருதுன்னும் யோசிச்சு வைங்க.